ஓடிப்போன மேனேஜர்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறவர்களின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கோயிலுக்கு வருகிற முகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பார்க்க வேண்டியது காலையும் பையையும். செருப்பு புதிது என்றால் முதல் தடவை வருகிற ஆள். பையைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தால் அலுத்துப்போயிருக்கிறார்கள், என்ன சொன்னாலும் நம்புவார்கள். லாட்ஜுக்கு ஆள் பிடிக்கிற தொழிலுக்கு இதற்கு மேல் படிப்பு வேண்டாம். அந்தப் படிப்பில் பெட்டியை மிஞ்சிய ஆள் ஊரில் கிடையாது.

பெட்டி என்பது பட்டப்பெயர். பஸ் நிற்பதற்குள் அடுத்தவர் பெட்டியில் கை வைத்துவிடுவார் என்பதால் வந்தது. வீட்டில் அவருக்கு வைத்த பெயர் கூப்பிட ஆளில்லாமல் துருப்பிடித்துக் கிடக்கிறது. வெயிலுக்குத் தொப்பி, கடல் மணல் கண்ணிலும் வாயிலும் போகாமல் இருக்க மூக்குக்கு மேல் சுற்றிய துண்டு. அந்தக் கோலத்தில் அவரைப் பெற்றவர்கள் வந்தால்கூட அடையாளம் தெரியாது.

பை கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியை வாய் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்தவர்கள் எந்த லாட்ஜின் பெயரைச் சொன்னாலும் அது மூடியாச்சு. ஏன் என்று கேட்டால் தண்ணீர் வரவில்லை, போலீஸ் கேஸ் ஆகிவிட்டது, மேனேஜர் கம்பி நீட்டிவிட்டான், வாய்க்கு வந்த ஏதாவது ஒன்று. யோசித்துச் சொன்னால் காட்டிக்கொடுத்துவிடும். வாய் தானாகச் சொல்ல வேண்டும். பெட்டியின் வாய் அப்படிப் பழகிய வாய். ஊரில் அவர் மூடாத லாட்ஜ் இல்லை. மூடிவிட்டு, தனக்குக் கமிஷன் தருகிற பின்தெரு லாட்ஜுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அங்கே நிஜமாகவே தண்ணீர் வராது.

அவர் மனைவி மூணுமாடி லாட்ஜுக்குத் துணி துவைக்கிறாள். கடற்கரை ரோட்டில் பெரிய லாட்ஜ் அதுதான். நாள் முழுக்க விரிப்பும் தலையணை உறையும் வீட்டுக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வீடு இரண்டே அறை, மேலே மொட்டை மாடி. மாடியில் காய்கிற துணிக்கும் கடலுக்கும் தீராத சண்டை. காலைக் காற்றில் காயும், சாயங்காலக் காற்றில் திரும்பவும் ஈரம் பிடிக்கும், நடுவில் ஒரு சுழற்காற்று வந்து மணலைத் தூவிவிட்டுப் போகும். மறுபடி அலசு. அவள் கை விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியே இருக்கும்.

இவர்களுக்கு ஒரே பெண். உள்நாட்டில் ஓர் ஊரில் மாவு மில் வைத்திருக்கிறவர் வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். சம்பந்தம் பேச வந்த தரகர், பெண்ணின் அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டபோது, ஆள் பிடிக்கிறேன் என்று சொல்லப் பெட்டிக்கு நாக்கு எழவில்லை. லாட்ஜில் இருக்கிறேன் என்று இழுத்தார். தரகர் அதை இன்னும் கொஞ்சம் இழுத்து, மூணுமாடி லாட்ஜ் மேனேஜர் ஆக்கிவிட்டார். பெட்டி இல்லை என்று சொல்லவில்லை. கல்யாணம் மாப்பிள்ளை ஊரிலேயே நடந்ததால் பொய் சேதாரம் இல்லாமல் பிழைத்துக்கொண்டது.

அந்தப் பொய்தான் இப்போது பெண்ணை வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது. உன் அப்பா மேனேஜர்தானே, என் கூட்டாளிகள் நாலு பேரோடு வந்து தங்கி ஊரைச் சுற்றிப் பார்க்கிறோம், ரூம் போட்டுத் தரச் சொல் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அவள் சீசன் என்றாள், ரிப்பேர் என்றாள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். என் ஆட்கள் உன் வீட்டு வாசலை மிதிக்கவே லாயக்கில்லையா என்று ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதிலிருந்து அம்மாவோடு சேர்ந்து விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவோடு அதிகம் பேசுவதில்லை.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளையின் அப்பா மில்லுக்காரர் போன் செய்தார். பையனை நான் சத்தம் போட்டுவிட்டேன், நானும் என் வீட்டுக்காரியும் நாளைச் சாயங்காலம் வருகிறோம், கோயிலையும் கடலையும் பார்த்துவிட்டு மருமகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார். பெட்டியின் மனைவி நிம்மதியில் அழுதுவிட்டாள். லாட்ஜைப் பார்க்கணும் என்று சொன்னால் என்ன செய்வது என்று பெண் கேட்டாள். பெயிண்ட் அடிக்கிறார்கள், உள்ளே யாரையும் விடுவதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார் பெட்டி.

மறுநாள் மத்தியானம் வரை தொழிலைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொள்வது என்பது அவர் கணக்கு. மில்லுக்காரர் கணக்கு வேறாக இருந்தது. நேர் பஸ் ஒன்று கிடைத்ததால் காலையிலேயே கிளம்பிவிட்டார். சம்பந்தியை அவர் நாற்காலியிலேயே பார்த்து அசத்திவிட வேண்டும் என்று போனும் செய்யவில்லை.

வெயில் ஏறுகிற நேரத்தில் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு ஜோடிப் புதுச் செருப்பு இறங்கியது. பக்கத்தில் கொஞ்சம் வீங்கிய இரண்டு பெண் கால்கள். நடுவில் உப்பிய நீலப் பை. பெட்டி குனிந்த தலை நிமிராமல் பையின் காதைப் பிடித்துவிட்டார். பக்கத்தில் நின்ற கொக்கு பின்வாங்கிக்கொண்டான். கொக்கும் ஆள் பிடிக்கிறவன்தான். கழுத்தும் காலும் நீளமாக இருப்பதால் அந்தப் பெயர். பையில் கை வைத்தவருக்குத்தான் ஆள் என்பதில் அவர்களுக்குள் தகராறு கிடையாது.

"மூணுமாடி லாட்ஜுக்கு எப்படிப் போகணும்?" என்றது மேலே ஒரு குரல்.

"அதுவா? மூடியாச்சுங்க."

"மூடியாச்சா? எப்போ?"

"போன மாசமே. மேனேஜர் இருந்ததை எல்லாம் சுருட்டிக்கிட்டு ஓடிட்டான். அவன் ஒரு நாலாந்தர ஆளுங்க. அவன் மட்டும் இல்லை, குடும்பமே அப்படித்தான். நீங்க வாங்க, நான் நல்ல ரூம் காட்டுறேன்."

அந்தக் குரல் சட்டென்று உயர்ந்தது. "குடும்பமே அப்படியா? அவரு பொண்ணுதான்யா எங்க வீட்டு மருமக."

பெட்டி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். மில்லுக்காரரின் புருவத்தில் ஒட்டியிருந்த மாவுத் தூளைக்கூட அவ்வளவு கிட்டத்தில் பார்த்தார். பக்கத்தில் சம்பந்தியம்மா. பையைத் தரையில் வைத்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கைக்கு வந்த பையை அவர் தானாகக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஓடினார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், டீக்கடைப் பெஞ்சை ஒரு தாண்டு, தர்பூசணி வண்டிக்கு ஒரு சுற்று, பின்பக்கச் சந்து. பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது.

வீட்டில் வந்து விழுந்தவர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் சோப்பு நுரையோடு நின்று கேட்டாள். மற்ற மேனேஜர்களைச் சொல்கிற மாதிரியே உங்களையும் சொன்னீர்களா என்றாள். அதே மாதிரிதான் என்றார். முகத்தைப் பார்த்தார்களா என்று மகள் கேட்டாள். துண்டு இருந்தது என்றார். அதற்குள் அவள் கையில் போன் அடித்தது. மாமனார். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம், இங்கே ஒருத்தன் என்னவோ உளறிவிட்டு ஓடுகிறான், நீ வந்து கூட்டிக்கொண்டு போ. அவள் தலையை வாரிக்கொண்டு புறப்பட்டாள். அப்பா குளித்து உடுத்த நேரம் வேண்டும் என்று, வந்தவர்களை நேராக வீட்டுக்குக் கூட்டி வராமல் முதலில் கடலைக் காட்டினாள். பயணக் களைப்போடு அந்த இரண்டு பேரும் மணலில் நின்று கடலைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பெட்டி சலவைச் சட்டையில் வாசலில் நின்று வரவேற்றார். மில்லுக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களே அது போதும் என்றார். லாட்ஜில் பெயிண்ட் வேலை நடக்கிறது, பத்து நாள் லீவு என்று பெட்டி சொன்னதும், அதானே, மூடியிருக்கிறது என்று சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் மற்றதை எல்லாம் எந்த வாயால் சொன்னான் என்று அவருக்குக் கொதிப்பு திரும்பிவிட்டது.

சாப்பிடும்போதும் அதே பேச்சு. வறுத்த மீனைப் பிய்த்துக்கொண்டே, தொப்பி வைத்த ஒருத்தன், முகத்தை மூடிய திருட்டுப் பயல் என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார்.

"உங்களைச் சொன்னான், சரி. ஆம்பளைக்கு நாலு பகை இருக்கும். குடும்பமே அப்படித்தான்னு சொல்றான் சம்பந்தி. எங்க வீட்டுப் பொண்ணை, இதோ இந்தத் தங்கச்சியை எல்லாம் சேர்த்துச் சொல்றான். அந்த இடத்துல எனக்கு ரத்தமே சுண்டிப்போச்சு."

சோறு போட்டுக்கொண்டிருந்த மகள் கரண்டியோடு நின்றாள். இந்த ஒரு வாக்கியத்தைப் பெட்டி வீட்டில் சொல்லாமல் விட்டிருந்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மீனில் முள் தேடிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாதான் பேச்சை மாற்றினாள். போகிற போக்கில் வாயில் வந்ததைச் சொல்கிறவர்களை எல்லாம் மனதில் வைக்கலாமா, விடுங்கள் என்றாள். மில்லுக்காரர் விடுகிற மாதிரி இல்லை. ஊருக்குப் போவதற்குள் அவனை ஒரு கை பார்க்காமல் போகமாட்டேன் என்றார். படுக்க விரித்த விரிப்பில் லாட்ஜின் முத்திரையைப் பார்த்து, மேனேஜர் வீடு என்றால் சும்மாவா என்று மனைவியிடம் பெருமையாகத் தடவிக் காட்டினார். அது மறுநாள் லாட்ஜுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய விரிப்பு.

விடிந்ததும் மாடியில் மனைவியும் பெட்டியும் ஆளுக்கொரு முனையாக விரிப்புகளைப் பிடித்து மடித்தார்கள். நாலைந்து விரிப்பு மடித்த பிறகு அவள் கேட்டாள்.

"குடும்பமே அப்படின்னு சொன்னீங்களா?"

"வாய் தானா சொல்லிடுச்சு."

"நான் என்ன பண்ணேன்?"

அவள் அவர் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத் தானே மடிக்கப் போனாள். கோபம் வந்து கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

அன்று முழுக்க ஊர் சுற்றல். பெட்டி முன்னால், மில்லுக்காரர் பக்கத்தில், சம்பந்தியம்மாவும் மகளும் பின்னால். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கால் வைக்காமல் எங்கள் ஊரில் எதையும் பார்க்க முடியாது. பெட்டி பார்க்க வைத்தார். மீன் ஏலம் போடுகிற கொட்டகை வழியாக, ஐஸ் கம்பெனியின் பின்பக்கச் சேறு வழியாக, வலை காய்கிற சந்து வழியாக அவர்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். சம்பந்தியம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வந்தாள். அவளுக்குக் கால் வீக்கம். அது பெட்டிக்கும் தெரியும், முந்தின நாளே பார்த்தது அவர்தான்.

கோயில் வாசலில் காவலாளி, "என்ன பெட்டி, கல்யாணமா? சட்டை எல்லாம் பலமா இருக்கு" என்றான். மில்லுக்காரர் திரும்பிப் பார்த்தார். கல்லாப்பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கும், அதனால் ஊரில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பெட்டி கண் இமைக்காமல் சொன்னார். மில்லுக்காரர் தலையை ஆட்டி ரசித்தார். உள்ளே கல் தரை குளிர்ந்து கிடந்தது. தூண்களுக்கு நடுவே கூட்டம் மெல்ல ஊர்ந்தது. எந்தத் தூணில் என்ன செதுக்கியிருக்கிறது என்று மில்லுக்காரர் கேட்க, பெட்டி தன்பாட்டுக்குக் கதை விட்டார். எத்தனையோ ஆயிரம் பேரை அந்த வாசல் வரை கொண்டுவந்து விட்டவர், உள்ளே வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நீங்கள் அடிக்கடி வருவீர்களா அண்ணே என்று சம்பந்தியம்மா கேட்டபோது, தினமும் என்று சொல்லிவிட்டார். சன்னதிக்கு முன்னால் எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவரும் மூடினார். அவருக்கு வந்த ஒரே வேண்டுதல் இந்த மனிதர் பஸ் ஸ்டாண்டு பேச்சை மறந்துவிட வேண்டும் என்பதுதான். அதைச் சாமியிடம் கேட்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு படகு. கரையிலிருந்து தெரிகிற பாறை வரைக்கும் போய்ச் சுற்றிவிட்டு வரும். மாவையும் எந்திரத்தையும் தவிர எதையும் அறியாத மில்லுக்காரருக்கு முதல் அலையிலேயே முகம் வெளுத்துவிட்டது. பெட்டியின் கையைப் பிடித்தவர் கரை வந்து சேரும்வரை விடவில்லை. "விட்றாதீங்க சம்பந்தி, விட்றாதீங்க" என்று குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். இந்த மாதிரி ஒரு மனிதரைத்தான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று பெட்டி தலையைக் குனிந்துகொண்டார். அலைக்குப் பயந்து என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கடைசியாகக் கலங்கரை விளக்கம். சம்பந்தியம்மா படி ஏற முடியாது என்று கீழேயே உட்கார்ந்துவிட்டாள். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. மில்லுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுப் பார்த்தார். கோயில், துறை, கடற்கரை ரோடு. மூணுமாடி லாட்ஜ் மறைக்க முடியாமல் நடுவில் நின்றது. வாசலில் வண்டிகள் வந்து நின்றன. ஆட்கள் மூட்டையும் பையுமாக உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள்.

"பெயிண்ட் அடிக்கிறாங்கன்னீங்களே சம்பந்தி? ஆள் நடமாட்டம் இருக்கே?"

பெட்டியின் வாய் திறந்தது. பழகிய வாய் அன்றைக்கென்று கைவிட்டுவிட்டது. அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"மாமா, அங்க பாருங்க, கப்பல். பெரிய கப்பல். அந்தப் பக்கம்."

கடலில் கப்பல் கிப்பல் ஒன்றும் இல்லை. மில்லுக்காரர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தேடினார். எங்கேம்மா, எங்கேம்மா என்றார். இப்போது மறைந்துவிட்டது, கொஞ்சம் இருங்கள், திரும்பத் தெரியும் என்றாள் அவள். யோசிக்காமல், முகம் மாறாமல் சொன்னாள். பெட்டி அவளைப் பார்த்தார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீழே கிடந்த பென்சிலைக்கூட ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவள். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. இல்லாத கப்பலை மாமனாரோடு சேர்ந்து அவளும் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பி மூட்டை கட்டியதும், பெட்டியின் மனைவி வாசலில் நின்று மகளை வழியனுப்பினாள். உன் வீட்டு ஆள் என் வீட்டு ஆள் என்ற பேச்சே இனிமேல் கிடையாது, பையனுக்குச் சொல்லிவிட்டேன், மேனேஜர் வீட்டுப் பெண் மரியாதையோடு இருப்பாள் என்று மில்லுக்காரர் வாக்குக் கொடுத்தார். பெட்டியின் மனைவி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு பஸ் ஏறுகிற நேரம்தான் பாக்கி. அது தாண்டிவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்று பெட்டி நினைத்தார். பஸ் புறப்படுகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும்படி நடையை மெதுவாக்கிப் பார்த்தார். ஆனால் பஸ் தாமதம்.

மில்லுக்காரர் பையை மனைவி காலடியில் வைத்துவிட்டு, முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிக்கொண்டு நேராக ஆள் பிடிக்கிறவர்கள் நிற்கிற வேப்பமரத்தடிக்குப் போனார். பெட்டியும் பின்னால் போக வேண்டியதாயிற்று. ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாரும் தொப்பி, எல்லாருக்கும் துண்டு. யாரும் பெட்டியைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அது அவர்களுடைய ஒழுங்கு. ஏமாந்த ஆள் திரும்பி வந்து சண்டை பிடித்தால், எதிரே யார் நிற்கிறானோ அவன் திட்டை வாங்கிக்கொள்வான். அடியும் சில சமயம் விழும். நான் இல்லை, அவன்தான் என்று இன்னொருவனைக் காட்டுவது மட்டும் அங்கே நடக்காது. பொய்யே தொழிலானவர்களுக்கு அது ஒன்றுதான் மானம்.

மில்லுக்காரர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போய், ஓரடி முன்னால் வந்து நின்ற கொக்கின் எதிரே நின்றார்.

"இந்த உசரம்தான். இவனாத்தான் இருக்கணும்." மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஏய், இவன்தானே?"

"இவர் இல்லை. விட்டுட்டு வாங்க" என்றாள் சம்பந்தியம்மா தூரத்திலிருந்து.

"உனக்கு என்ன தெரியும். சம்பந்தி, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு இங்க எல்லாரையும் தெரியும். இவன் அப்படிப் பேசுற ஆளா? இவனா இருக்குமா?"

கொக்கு பெட்டியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கேள்வி ஒன்றும் இல்லை. மகள் பைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கும்" என்றார் பெட்டி.

கொக்கு உடனே கையைக் கூப்பிவிட்டான். "தப்புதாங்க. தெரியாம சொல்லிட்டேன்" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் மில்லுக்காரரின் கை விழுந்துவிட்டது. மூட்டை தூக்கிப் பழகிய கை. கொக்கின் தொப்பி தெறித்து டீக்கடைப் பக்கம் போய் விழுந்தது. சுற்றியிருந்தவர்கள் ஒருவரும் அசையவில்லை. அவர்கள் பார்த்தது கொக்கை அல்ல.

"எங்க சம்பந்தி தங்கமான மனுஷன்டா" என்றார் மில்லுக்காரர். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. ஓர் ஆளை அடித்துப் பழக்கமில்லாதவர்.

பஸ் வந்தது. கொக்கு தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு, நீலப் பையைத் தூக்கிப் பஸ்ஸுக்குள் கொண்டுபோய் வைத்தான். பெண்ணிடம், "போயிட்டு வாம்மா" என்றான். சின்ன வயதில் அவன் சைக்கிளில் உட்கார்ந்து ஊரைச் சுற்றியவள் அவள். அவன் முகத்தைப் பார்க்காமல் ஏறிப்போய் உட்கார்ந்தாள்.

மில்லுக்காரர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். ஜன்னலோரத்தில் இருந்த சம்பந்தியம்மா பெட்டியைக் கிட்டே வரச் சொன்னாள்.

"மில்லுல நான் எந்திரத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்திருக்கிறவ, அண்ணே. வர்றவங்களை எல்லாம் குரலை வச்சுத்தான் தெரியும். நேத்து நீங்க 'அதுவா'ன்னு இழுத்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

பெட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இவருக்குத் தெரியாது. என் வாயால யாருக்கும் தெரிஞ்சிருக்காது. வெயில்ல நின்னு உழைச்சுச் சாப்பிடுறாரு, சொல்லக் கூச்சப்பட்டிருக்காரு, அதுல என்ன இருக்குன்னுதான் நினைச்சேன். அதான் அவரை விடுங்க விடுங்கன்னேன். நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நினைக்கலை." சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "பொண்ணை நான் பாத்துக்கிறேன். அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மகளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மில்லுக்காரர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து பெட்டியை மறுபடி ஒரு தடவை கட்டிப்பிடித்தார். லாட்ஜ் திறந்ததும் சொல்லுங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்றார். பஸ் போயிற்று. மகள் கை காட்டினாள். யாரைப் பார்த்துக் காட்டினாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

பெட்டி டீக்கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு பக்கம் நகர்ந்தார்கள். கொக்கு மட்டும் நின்றான். கன்னத்தில் விரல்கள் பதிந்து சிவந்திருந்தது. டீயை வாங்கிக்கொள்ளவில்லை.

"ரொம்ப வலிக்குதா?"

"அடியெல்லாம் நமக்கு என்ன புதுசா."

"எனக்கு வேற வழி தெரியலை. பொண்ணு நிக்கிறா. நான் வேற என்ன சொல்லியிருக்க முடியும்?"

கொக்கு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் குரலில் கோபம் இல்லை.

"ஒண்ணுமே சொல்லியிருக்க வேண்டாம், பெட்டி. நேத்து நீ ஓடினதை எல்லாரும் பாத்தோம். உன் பொண்ணுதான் அவரு மருமகள்னு அந்தாளு சொன்னதையும் கேட்டோம். திரும்பி வந்து கேட்டா நான்தான்னு ஒத்துக்கிறதுன்னு காலையிலேயே பேசி முடிச்சாச்சு. நம்ம பொண்ணு இல்லையா. அதுக்குத்தான் நான் முன்னால வந்து நின்னேன். நீ சும்மா நின்னிருந்தா போதும்."

அடுத்த பஸ் உள்ளே திரும்பியது. கொக்கு துண்டை மூக்குக்கு மேல் சுற்றிக்கொண்டு போய்விட்டான். இரண்டு கையிலும் டீயோடு பெட்டி அங்கேயே நின்றார். அந்த மரத்தடியில் நிற்க அவருக்குக் கூசியது. வீட்டுக்குப் போகவும் கூசியது. பெண் நல்லபடியாகப் போனாளா என்று மனைவி கேட்பாள்.